ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: கம்ப்யூட்டரை ஜெயித்தாகிவிட்டது, மனிதர்களோடு ஆட எப்போது போகலாம்?

கேள்வி இதுதான். கல்லூரி ஹாஸ்டலில் ஆடிப் பழகிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற, ஊரை வளர்த்துப் படை திரட்டிப் போரிடும் கணினி விளையாட்டை ஒருவர் பல வருடம் கழித்து டெஃபினிட்டிவ் எடிஷனாக (புதுப்பித்த பதிப்பு) வாங்கியிருக்கிறார். கேம்பெய்ன்களில் (தனியாக ஆடும் கதைத் தொடர்கள்) பாதிக்கு மேல் முடித்துவிட்டார். கம்ப்யூட்டரை ஹார்ட் நிலையில் ஜெயிக்கிறார். ஆனால் மல்டிபிளேயர் பக்கம் போகத் தயக்கம். இன்னும் எவ்வளவு தயாராக வேண்டும், தெரியாமல் உள்ளே போனால் திட்டு விழுமா, யாரோடு ஆரம்பிப்பது என்று கேட்கிறார்.

இன்றைக்கே போகலாம் என்பதுதான் என் பதில். ஹார்ட் நிலையில் ஜெயிக்கிறவருக்கு அடிப்படை எல்லாம் வந்துவிட்டது. எக்ஸ்ட்ரீம் கம்ப்யூட்டரையும் அடித்துவிட்டு அப்புறம் போகலாம் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. அந்தக் காத்திருப்பில் பெரிய லாபம் இல்லை. கம்ப்யூட்டருக்கென்று சில பழக்கங்கள் உண்டு, அவற்றை முறியடிக்கத்தான் நாம் கற்றுக்கொள்கிறோம். அது எப்போது வரும், எந்த வழியாக வரும், சுவர் கட்டினால் எங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடமாகிவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் நாம் ஆர்ச்சர் (வில்வீரர்) செய்வதைப் பார்த்தால் அவர்களை வீழ்த்தும் ஸ்கர்மிஷருக்கு மாறுவார். நம் மரவெட்டிகள் எங்கே நிற்கிறார்கள் என்று தேடி வருவார். சில நேரம் பயந்துபோய் தப்பான முடிவும் எடுப்பார். இதைக் கம்ப்யூட்டரிடம் பழக முடியாது.

போவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யலாம். விளையாட்டுக்குள்ளேயே 'ஆர்ட் ஆஃப் வார்' என்ற பயிற்சிப் பகுதி இருக்கிறது. ஆரம்பப் பொருளாதாரம், வேகமாகக் கேஸில் ஏஜுக்கு (ஆட்டத்தின் மூன்றாவது யுகம்) போவது, வரும் படையைத் தடுப்பது என்று தனித்தனிப் பாடங்கள். நேரக் கணக்கு வைத்துப் பதக்கம் தருவார்கள். முதல் பாடத்தில் வெண்கலம் வந்தால் போதும், தங்கத்துக்காக அங்கேயே தங்கிவிட வேண்டாம்.

எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதைத்தான் யோசித்துச் செய்ய வேண்டும். மூன்று வழி இருக்கிறது. ஒன்று, லாபியில் யாரோ திறந்து வைத்திருக்கும் அறையில் போய் உட்காருவது. இரண்டாவது, ரேங்க்டு (புள்ளிக் கணக்கு வைக்கும்) டீம் கேம். மூன்றாவது, ரேங்க்டு ஒன்றுக்கு ஒன்று. புதியவர்கள் பெரும்பாலும் நாலு பேருக்கு நாலு பேர் ஆடும் டீம் கேமைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட மூன்று பேர் இருப்பதால் நம் குறை தெரியாது என்று நினைப்பு. நடப்பது நேர் எதிர். பத்தாவது நிமிடத்தில் நம் ஊர் விழுந்தால் கூட இருக்கும் மூன்று பேர் நான்கு பேரைச் சமாளிக்க வேண்டும். கோபமும் திட்டும் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று ஆட்டத்தில் நாம் தோற்றால் எதிராளிக்குச் சந்தோஷம்தான், திட்டுவதற்கு ஆளே இல்லை. பயம் அதிகமாக இருக்கிறவர்களுக்குத்தான் நான் ஒன்றுக்கு ஒன்றைச் சிபாரிசு செய்வேன்.

முதல் சில ஆட்டங்களில் தோல்வி வரும். அது ஏன் என்று புரிந்துகொண்டால் மனசு விட்டுப்போகாது. ஆட்களைப் பொருத்துவதற்கு இங்கே எலோ முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆர்பட் எலோ என்ற ஹங்கேரிய-அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக உருவாக்கிய கணக்கு அது. புதிதாக வருகிற யாராக இருந்தாலும் 1000 புள்ளியோடு தொடங்குகிறார்கள். சிக்கல் என்னவென்றால், 1000 என்பது கற்றுக்குட்டியின் இடம் கிடையாது. வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிற சராசரி ஆட்டக்காரரும் அந்த இடத்தை ஒட்டித்தான் நிற்கிறார். அவர்தான் நமக்கு முதல் எதிராளியாக வருவார். சம பலம் உள்ள இருவர் மோதினால் கைமாறுவது சுமார் 16 புள்ளிதான். அதனால் நம் உண்மையான இடம் 700 என்று வைத்துக்கொண்டால் அங்கே போய்ச் சேரக் கொஞ்ச காலம் ஆகும். முதல் பத்து ஆட்டம் முடியும்வரை நம் ரேங்க் பட்டியலில் தெரியாது. அந்தப் பத்தையும் இடம் தேடும் ஆட்டங்களாக எடுத்துக்கொள்ளுங்கள், தேர்வு எழுதுவதாக நினைக்க வேண்டாம்.

நம் இடத்துக்கு வந்து சேர்ந்தபின் ஆட்டத்தின் ருசியே வேறு. 700-ல் நமக்கு எதிரே வருபவரும் வீடு கட்ட மறப்பார் (வீடு இல்லாவிட்டால் புது ஆட்கள் பிறக்க மாட்டார்கள்), பன்றியை இழுக்கப் போய் வில்லேஜரை (வேலை செய்யும் ஊர்க்காரர்) பறிகொடுப்பார், படையை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு மறந்துவிடுவார். பாதி ஜெயிப்போம், பாதி தோற்போம். எந்த நிலையில் இருக்கிறவருக்கும் அந்தக் கணக்குதான். 2000 புள்ளிக்காரரும் ஏறத்தாழ பாதி ஆட்டங்களில் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார். முதல் எட்டுப் பத்துத் தோல்வியில் கணக்கை மூடிவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தனக்குச் சரிசமமான ஆளைச் சந்தித்திருப்பார்கள்.

ரேங்க்டு ஆட்டத்துக்குள் போக விளையாட்டு நம் கணினியையும் ஒரு சோதனை போடும். பெஞ்ச்மார்க் என்று ஒரு சின்ன ஓட்டம், அதில் 1000 புள்ளி எடுக்க வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டில் நூற்றுக்கணக்கான வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற தகவல் வலை வழியாகப் போவதில்லை. நாம் கொடுக்கும் கட்டளைகள் மட்டும்தான் போகின்றன. ஒவ்வொருவர் கணினியும் முழுப் போரையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே மாதிரி நடத்துகிறது. 1997-ல் முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வந்த காலத்து டயல்-அப் மோடம்களுக்கு ஏற்றபடி என்செம்பிள் ஸ்டுடியோஸ் அமைத்த முறை அது. அதனால்தான் அவ்வளவு மெதுவான இணைப்பிலும் ஆட முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எட்டுப் பேரில் ஒருவருடைய கணினி திணறினால் மற்ற ஏழு பேருக்கும் ஆட்டம் திணறும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் கிராஃபிக்ஸைக் குறைத்து, மேம்பட்ட கிராஃபிக்ஸ் தொகுப்பை நிறுவாமல் ஆடுவது மற்றவர்களுக்குச் செய்கிற மரியாதை. வைஃபைக்குப் பதிலாக லான் கேபிள் செருக முடிந்தால் செருகுங்கள். மின்வெட்டு இருக்கும் ஊர் என்றால் ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துக்கொள்வது நல்லது. ஆட்டத்தின் நடுவில் இணைப்பு போனால் தோல்வியாகத்தான் எழுதப்படும்.

வேகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ரேங்க்டில் 1.7 மடங்கு வேகம். தனியாக ஆடும்போது மெதுவான வேகத்தில் வைத்து, அவ்வப்போது நிறுத்தி யோசித்துப் பழகியிருந்தால் முதலில் மூச்சு வாங்கும். இரண்டு மூன்று நாள் கம்ப்யூட்டரோடு அதே 1.7-ல் ஆடிவிட்டுப் போங்கள்.

சரி, ஆட்டத்துக்குள் வருவோம். புதியவர்கள் தோற்பது போரில் இல்லை. வில்லேஜர்கள் பிறக்கும் கட்டடமான டவுன் சென்டர் சும்மா நிற்பதில் தோற்கிறார்கள். இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஆட்டம் தொடங்கும்போது நம்மிடம் 3 வில்லேஜர், ஒரு ஸ்கவுட் (வேவு பார்க்கும் குதிரைவீரர்). ஒரு வில்லேஜர் பிறக்க 50 உணவு, 25 விநாடி. 21 வில்லேஜரோடு இரண்டாவது யுகமான ஃப்யூடல் ஏஜுக்குக் கிளம்புகிறோம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 18 பேர் பிறக்க வேண்டும். 18 பேருக்கு 450 விநாடி. நடுவில் லூம் (வில்லேஜரின் உயிரைக் கூட்டும் ஆராய்ச்சி) போட 25 விநாடி. ஆக 475 விநாடி, அதாவது 7 நிமிடம் 55 விநாடி. ஃப்யூடல் ஆராய்ச்சிக்கு 130 விநாடி. டவுன் சென்டர் ஒரு கணம்கூட நிற்காமல் ஓடினால் ஆட்டக் கடிகாரத்தில் 10 நிமிடம் 5 விநாடிக்கு நாம் ஃப்யூடலில் இருப்போம். இதே 21 பேரோடு புதியவர் ஒருவர் 14-ஆம் நிமிடத்தில் வருகிறார் என்றால் அவருடைய டவுன் சென்டர் ஏறத்தாழ 4 நிமிடம் சும்மா நின்றிருக்கிறது. அந்த 4 நிமிடத்தில் ஒன்பது வில்லேஜர் பிறந்திருக்கலாம். எதிராளி திறமைசாலி என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அவரிடம் ஒன்பது கை அதிகம் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அதனால் முதல் இருபது ஆட்டத்துக்கு இதை மட்டும் பாருங்கள். ஹெச் விசையைத் தட்டினால் டவுன் சென்டர், க்யூ தட்டினால் வில்லேஜர். வழக்கமான அமைப்பில் இந்த இரண்டு விசைதான். போர் நடந்துகொண்டிருந்தாலும், படை ஓடிக்கொண்டிருந்தாலும், சில விநாடிக்கு ஒரு தடவை ஹெச், க்யூ. கண்ணை இந்தப் பக்கம் திருப்பாமலேயே விரல் அதைச் செய்ய வேண்டும். வேலையில்லாமல் நிற்கும் வில்லேஜரைக் கண்டுபிடிக்க முற்றுப்புள்ளி விசை. ஹாட்கீ எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய உட்கார வேண்டாம், இந்த மூன்றும் கையோடு கலந்தபின் மற்றவை தானாக வரும்.

முதல் ஒரு நிமிடம் எப்படிப் போக வேண்டும் என்று கிட்டத்தில் பார்க்கலாம். ஆட்டம் திறந்ததும் ஹெச் தட்டி, கையில் இருக்கும் 200 உணவுக்கு நாலு வில்லேஜரை வரிசையில் போட்டுவிடுங்கள். இருக்கும் மூன்று பேரில் இருவர் ஒரு வீடு, ஒருவர் இன்னொரு வீடு. ஸ்கவுட்டை ஊரைச் சுற்றி வட்டமாக ஓடவிடுங்கள். முதல் நாலு ஆடு பக்கத்திலேயே இருக்கும், இன்னும் இரண்டு இரண்டாகக் கொஞ்சம் தள்ளி நிற்கும். ஆடுகளை டவுன் சென்டரின் அடிவாரத்துக்கே ஓட்டி வந்து, ஒன்று முடிந்தபின் இன்னொன்று என்று அறுக்க வேண்டும். வெட்டிப் போட்ட இறைச்சி நேரம் ஆக ஆகக் குறையும் என்பதால் ஒரே நேரத்தில் மூன்று ஆட்டை வெட்டினால் நஷ்டம். ஆறு பேர் ஆட்டில் நின்றபின் அடுத்து வருகிற மூன்று நாலு பேர் மரத்துக்கு. அதற்கு அடுத்தவர் காட்டுப் பன்றியை இழுத்து வரப் போகலாம்.

பன்றிதான் புதியவர்களின் முதல் பயம். ஒரு பன்றியில் 340 உணவு, ஆட்டில் 100. அதனால் விடவும் முடியாது. லூம் போடாத வில்லேஜருக்கு உயிர் 25, போட்டால் 40. ஒரே வில்லேஜர் பன்றியை இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் டவுன் சென்டருக்கு ஓடி வர வேண்டும். பன்றி பின்னாலேயே வரும். வாசலுக்கு வந்ததும் ஆட்டில் நிற்பவர்கள் சேர்ந்து அதை முடிப்பார்கள். உயிர் ரொம்பக் குறைந்துவிட்டால் ஓடி வந்தவரை டவுன் சென்டருக்குள் ஏற்றிவிடுங்கள். இதை மட்டும் தனி ஆட்டத்தில் ஒரு அரைமணி நேரம் பழகினால் நிச்சயம் கைவரும்.

அடுத்தது எதிராளியின் முதல் தாக்குதல். அரேபியா மேப்பில் 11, 12-ஆம் நிமிடத்தில் மூன்று நாலு குதிரைகள் மரவெட்டிகள் நடுவே வந்து நிற்கும். புதியவர் செய்யும் முதல் காரியம் ஊர் மணியை அடிப்பது. மணி அடித்ததும் எல்லா வில்லேஜரும் வேலையைப் போட்டுவிட்டு ஒளிய ஓடுவார்கள். வந்த குதிரைகள் நாலு பேரைத்தான் தொந்தரவு செய்தன, மணியோ இருபது பேரின் வேலையை நிறுத்திவிட்டது. எதிராளிக்கு வேண்டியதும் அதுதான். குதிரை வந்து நிற்கும் இடத்தில் இருக்கும் நாலைந்து பேரை மட்டும் தேர்ந்தெடுத்து நகர்த்துங்கள். டவுன் சென்டர் பக்கத்தில் என்றால் உள்ளே ஏற்றுங்கள். 15 பேர்வரை கொள்ளும், உள்ளே ஆள் இருந்தால் அம்பும் கூடும். மற்றவர்கள் வேலையைத் தொடரட்டும். இடையில் பாரக்ஸிலிருந்து (காலாட்படைக் கூடம்) இரண்டு ஸ்பியர்மேன் (ஈட்டிக்காரர்). ஒன்றுக்கு 35 உணவு, 25 மரம்தான். குதிரைக்கு ஸ்பியர், ஸ்பியருக்கு ஆர்ச்சர், ஆர்ச்சருக்கு ஸ்கர்மிஷர் என்ற சங்கிலி தெரிந்தால் ஆரம்ப நிலைக்குப் போதும்.

மரவேலி கட்டுவதும் உதவும். ஆனால் முழு ஊரையும் சுற்றிக் கட்டுவதற்காக ஐந்து பேரை அனுப்பிவிட்டு உணவில்லாமல் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மரம் வெட்டும் இடம், தங்கம் தோண்டும் இடம் இரண்டின் திறந்த பக்கத்தை மட்டும் வீடுகளாலும் வேலியாலும் அடைத்தாலே பாதி நிம்மதி.

எந்த நாகரிகத்தை எடுப்பது? நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். ஃப்ராங்க்ஸ் எடுத்தால் பண்ணை மேம்பாடுகள் இலவசம், குதிரைப்படைக்கு உயிர் 20 சதவீதம் கூடுதல், கேஸில் ஏஜில் நைட் (பலமான குதிரைவீரர்) செய்துகொண்டே இருக்கலாம். அம்பு பிடிக்கும் என்றால் பிரிட்டன்ஸ். மேப்பிலும் அதே மாதிரி. அரேபியா திறந்தவெளி, சீக்கிரமே சண்டை வரும். அரீனாவில் ஆட்டம் தொடங்கும்போதே கல்சுவர் இருக்கும், நிதானமாக ஊரை வளர்க்கலாம். அரீனாவே எளிது என்று தோன்றும். என்றாலும் அரேபியாவில் அடி வாங்கிக் கற்றால் எந்த மேப்பிலும் நிற்கலாம் என்பது என் கருத்து. பிடிக்காத மேப்பை விலக்கிவைக்கவும், பிடித்ததைக் குறித்துவைக்கவும் ரேங்க்டில் வசதி உண்டு.

தமிழ் ஆட்டக்காரர்கள் பலருக்கு முதலில் கை போவது திராவிடர்களிடம்தான். 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பில் பழைய இந்தியர்களைப் பிரித்து ஹிந்துஸ்தானிகள், குர்ஜரர்கள், வங்காளிகள், திராவிடர்கள் என்று ஆக்கினார்கள். ராஜேந்திர சோழனுக்கு ஒரு கேம்பெய்ன். வில்லேஜரைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறார். அந்தக் குரலை முதல் தடவை கேட்கும்போது வரும் சந்தோஷத்தை நானும் அறிவேன். ஆனால் ரேங்க்டில் முதல் நாகரிகமாக இதை எடுக்க வேண்டாம். திராவிடர்களுக்கு நைட்டே கிடையாது. காலாட்படையையும் ஸ்கர்மிஷரையும் கடற்படையையும் நம்பி ஆட வேண்டிய நாகரிகம். தண்ணீர் மேப்பில் பலமானது, அரேபியாவில் வேகமான குதிரைப்படைக்கு முன்னால் நிதானம் தெரிந்தவர்தான் தாக்குப்பிடிக்க முடியும். ஒவ்வொரு ஏஜுக்கும் போகும்போது கிடைக்கும் 200 மரத்தை உடனே எங்கே போடுவது என்ற யோசனை முன்கூட்டியே இருக்க வேண்டும். கொஞ்ச நாள் ஃப்ராங்க்ஸோடு பழகிவிட்டு வாருங்கள், அதே திராவிடர்களை அப்போது அனுபவித்து ஆடலாம்.

இனி மனிதர்கள். இந்த விளையாட்டின் முதல் வெளியீடு 1999-ல். டெஃபினிட்டிவ் எடிஷன் 2019 நவம்பரில். இடையில் விளையாட்டை உயிரோடு வைத்திருந்தது ரசிகர்கள்தான். இப்போது அதைப் பராமரிக்கும் ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழுவே ரசிகர்கள் கூடி ஒரு கூடுதல் தொகுப்பு செய்ததில் பிறந்தது. அதனால் புதியவர் ஒருவர் வந்தால் இங்கே பலருக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. டி90 என்ற வர்ணனையாளர் 'லோ எலோ லெஜண்ட்ஸ்' என்ற பெயரில் கீழ்நிலை ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை எடுத்து, இறுதிப்போட்டிக்குக் கொடுக்கும் அதே ஆர்வத்தோடு வர்ணனை செய்கிறார். அதில் ஒன்றிரண்டு பார்த்தாலே நமக்கு இருக்கும் கூச்சம் பாதி போய்விடும். ஸ்பிரிட் ஆஃப் தி லா என்பவர் ஒவ்வொரு யூனிட்டையும் கணக்குப் போட்டு ஆராய்வார். முன்னணி ஆட்டக்காரரான ஹீரா பில்ட் ஆர்டர்களை (எதை எந்த வரிசையில் செய்வது என்ற திட்டம்) பொறுமையாகச் சொல்லித்தரும் காணொளிகள் போடுகிறார். மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்துக் குழம்பாமல், ஹீராவிடம் ஒரு பில்ட் ஆர்டரை எடுத்துக்கொண்டு அதையே ஆடுங்கள்.

பேச்சு மரியாதை ரொம்ப எளிது. ஆட்டம் தொடங்கும்போது 'ஜிஎல் ஹெச்எஃப்' என்று அடிப்பார்கள், வாழ்த்துதான். நாமும் திருப்பிச் சொல்ல வேண்டும். தோற்பது உறுதி என்று தெரிந்தால் 'ஜிஜி' (நல்ல ஆட்டம்) போட்டுவிட்டு மெனுவில் ரிசைன் கொடுக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விண்டோவை மூடிவிட்டுப் போவதை யாரும் விரும்புவதில்லை. யாராவது 11 என்று அடித்தால் அது சிரிப்பு. விளையாட்டில் எண் அடித்தால் ஒரு குரல் ஒலிக்கும், 11 சிரிப்புக்கான எண். 14 என்றால் சீக்கிரம் ஆட்டத்தைத் தொடங்கு என்று அர்த்தம். 30 அடித்தால் மாங்க் (துறவி) ஓதும் 'வொலோலோ'. அந்த ஓசை எவ்வளவு பிரபலம் என்றால், ஜெர்மனியின் ஹைடல்பர்க் கோட்டையில் 2022-ல் நடந்த பெரிய போட்டிக்கே ரெட் புல் நிறுவனம் அதைத்தான் பெயராக வைத்தது. எதிராளி நம்மைவிட ரொம்ப மேலே இருந்தால் 'ஸ்மர்ஃப்' என்று குற்றம் சாட்டத் தோன்றும். வேண்டுமென்றே கீழே வந்து ஆடும் பெரிய ஆட்டக்காரர் என்று பொருள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் முதல் பத்து ஆட்டத்தில் நமக்கு எல்லாருமே ஸ்மர்ஃபாகத்தான் தெரிவார்கள், அதனால் வாயை விடாமல் இருப்பது நல்லது. யாராவது கேவலமாகப் பேசினால் பதில் பேசாதீர்கள். அந்த ஆளின் பேச்சை ம்யூட் செய்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் கொடுங்கள்.

லாபியில் போய் உட்கார்ந்தால் வேறு ஒரு விஷயம் நடக்கும். அறைத் தலைவர் காரணம் சொல்லாமல் வெளியே தள்ளிவிடுவார். புதியவர்களுக்கு இது மனசைக் குத்தும். எட்டுப் பேர் அறையில் இரண்டு அணியும் சமமாக இருக்க வேண்டும் என்றால் எல்லாருடைய புள்ளியும் தெரிய வேண்டும். புள்ளியே இல்லாதவரை எந்தப் பக்கம் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ரேங்க்டில் பத்து ஆட்டம் முடித்துவிட்டுப் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்போதும் அறையின் பெயரில் '900க்குக் கீழே' என்றோ 'புதியவர்கள் மட்டும்' என்றோ போட்டிருந்தால் அதற்கு ஏற்றவராக மட்டும் நுழையுங்கள், நம் நிலையை உள்ளபடி சொல்லுங்கள்.

உதவி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 'நான் ஏன் தோற்கிறேன்?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஒவ்வொரு ஆட்டமும் தானாகப் பதிவாகிறது. அந்த ரெக்கார்டிங்கைக் கொடுத்து, என் புள்ளி இவ்வளவு, மேப் அரேபியா, 13-ஆம் நிமிடத்தில்தான் ஃப்யூடல் போனேன், எங்கே நேரம் போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். 1500 புள்ளிக்காரர் ஒருவர் அரைமணி நேரம் செலவழித்துப் பார்த்துவிட்டு, ஐந்தாவது நிமிடத்தில் வீடில்லாமல் நின்றுவிட்டீர்கள் என்று சொல்வார். இந்தத் தாராளம்தான் இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. ரெக்கார்டிங்கை ஆறப்போடாமல் கேளுங்கள். விளையாட்டுக்குப் புது அப்டேட் வந்துவிட்டால் பழைய பதிவு சரியாகத் திறக்காது.

யாராவது சொல்லும்வரை காத்திருக்காமல் நாமும் அதைப் பார்க்கலாம். தோற்ற ஆட்டத்தை எதிராளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் எத்தனை வில்லேஜரோடு வந்தார், நம் ஊரை எப்போது முதலில் பார்த்தார் என்பது தெரிந்தால் மாயம் எல்லாம் கலைந்துவிடும்.

தெரியாத ஆட்களோடு ஆடவே மனம் வராதவர்களுக்கு நடுவழி ஒன்றும் இருக்கிறது. ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு இருவரும் ஒரு பக்கம், இரண்டு கம்ப்யூட்டர் எதிர்ப்பக்கம் என்று ஆடலாம். கூட்டாக ஆடும் கோ-ஆப் கேம்பெய்ன்களும் இருக்கின்றன. இதில் கைப்பழக்கமும் பேச்சுப் பழக்கமும் வரும். ஆனால் இதிலேயே நின்றுவிட வேண்டாம், பதினைந்து நாளுக்குள் ரேங்க்டுக்கு வந்துவிடுங்கள். ராத்திரி இரண்டு ஆட்டம், தோற்றாலும் ஜெயித்தாலும் அதோடு நிறுத்தம் என்று வைத்துக்கொண்டால் பதற்றம் குறையும். தோற்ற கோபத்தில் மூன்றாவது, நாலாவது என்று போகிற ஆட்டங்கள் எதையும் கற்றுத் தருவதில்லை.

ஒன்றுக்கு ஒன்றில் நிலைத்தபின் டீம் கேமுக்கு வாருங்கள். அதற்குத் தனிப் புள்ளி உண்டு. நாலு பேர் அணியில் ஓரத்தில் இருக்கும் இருவரை ஃப்ளாங்க் என்பார்கள், நடுவில் இருக்கும் இருவர் பாக்கெட். முதல் அடி ஃப்ளாங்க்குக்குத்தான் விழும், அதனால் அவர்கள் பெரும்பாலும் ஃப்யூடலிலேயே ஆர்ச்சர் செய்து தாக்குப்பிடிப்பார்கள். பாக்கெட்டில் இருப்பவருக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். அவர் நைட் செய்துகொண்டு ஃப்ளாங்க்குக்கு உதவிக்கு ஓட வேண்டும். பாக்கெட்டில் விழுந்த புதியவர் அமைதியாக ஊரை வளர்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பக்கத்து நண்பர் எரிந்துபோனபின் படையோடு கிளம்புவார். அது வேண்டாம். ஐந்து குதிரையாக இருந்தாலும் சரி, நேரத்துக்குப் போய் நின்றால் ஃப்ளாங்க் பிழைத்துக்கொள்வார்.

கூட ஆடுபவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது என்றால் எண்களே போதும். 3 அடித்தால் உணவு வேண்டும், 4 மரம், 5 தங்கம், 6 கல். கேட்பவருக்கு அனுப்ப முதலில் ஒரு மார்க்கெட் கட்டியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் அனுப்புவதற்கு 30 சதவீதம் கட்டணம் பிடிக்கும். காயினேஜ் ஆராய்ச்சி செய்தால் 20 ஆகும், பேங்கிங் செய்தால் கட்டணமே இல்லை. ஊர் முழுக்க இடிந்து இரண்டு வில்லேஜரோடு நிற்கும் கூட்டாளிக்குத் தேவையான மரமும் கொஞ்சம் உணவும் அனுப்பினால், அவர் மூலையில் மறுபடி தொடங்கி, அரைமணி நேரம் கழித்துப் படையோடு வந்து நிற்பார். ரிசைன் கொடுக்கப் போகிறவரிடம் 'இரு, அனுப்புகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அதைச் செய்யுங்கள். ஆட்டம் முடிந்ததும் பெரும்பாலும் அவரே நம்மை நண்பராகச் சேர்த்துக்கொள்வார், அடுத்த ஆட்டத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.